கழுத்துக் குழாயும் குளிர் காய்ச்சலும்

 

மல்லாவியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற மாதம் கிடைத்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்குப் போன சிறுமி அவர். யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் கணவரோடும் பிள்ளைகளோடும் திரும்பி வந்து, மல்லாவிக் கடைத்தெருவில் சிறு கடை ஒன்றை நடத்துகிறார்கள்.

கணவருக்குக் கால் வீங்கியது. பிறகு வாந்தி, பிறகு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றுதான் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருப்பது தெரிந்தது. அன்றே கழுத்தில் குழாய் வைத்து டயலிசிஸ் ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் பஸ் ஏறி மாங்குளம் போய், அங்கிருந்து வேறு பஸ்ஸில் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் பயணம். திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் குளிக்க வேண்டும் என்றார் கணவர். சகோதரியே கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். கழுத்துக் கட்டு நனைந்துவிட்டது. துவாயால் ஒற்றி எடுத்து, வீட்டிலிருந்த பிளாஸ்டரை ஒட்டிவிட்டார். திங்கட்கிழமை டயலிசிஸ் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் அவருக்குக் கட்டிலே அதிரும் அளவுக்கு நடுக்கம். சற்று நேரத்தில் நின்றுவிட்டது. பஸ்ஸில் வந்த களைப்பு என்றார் ஒருவர். மெஷினில் போட்டால் குளிரத்தான் செய்யும் என்றார் இன்னொருவர். வீட்டுக்கு வந்து பனடோல் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. வியாழக்கிழமை மீண்டும் மெஷினில் போட்டபோது நடுக்கத்தோடு நினைவும் தப்பிவிட்டது. இரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. குழாயைக் கழற்றி, நரம்பு வழியாக மருந்தேற்றி, பல நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆனால் சகோதரிக்குத் தூக்கமில்லை. அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. நான் ஊற்றிய தண்ணீர்தான் அவரை மரணத்தின் வாசல் வரை கொண்டுபோனதா? இனி வுழூவும் குளிப்பும் எப்படி? இந்தக் குழாய் இல்லாமல் டயலிசிஸ் செய்ய வழியே இல்லையா?

இந்த மூன்று கேள்விகளும் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. கழுத்தில் கட்டோடு மெஷினை நம்பி வாழும் ஒருவர் இன்று நம்மில் பலருடைய குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிறார். அவரைப் பராமரிப்பது பெரும்பாலும் நாம்தான். எனவே இம்மாதப் பக்கத்தை இந்தக் கடிதத்துக்கே ஒதுக்குகிறேன்.

குழாய் எதற்கு?

சிறுநீரகம் இரத்தத்திலுள்ள கழிவையும் மேலதிக நீரையும் பிரித்து வெளியேற்றுகிறது. அது முடியாமல் போகும்போது, இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உடலுக்குள் அனுப்புவதே இரத்தச் சுத்திகரிப்பு, அதாவது ஹீமோடயலிசிஸ். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1943இல், ஒல்லாந்து நாட்டில் வில்லெம் கொல்ஃப் என்ற டொக்டர் இத்தகைய மெஷினை மனிதருக்குப் பயன்படுத்தினார். மெஷின் வந்த பின்னும் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு முறையும் இரத்தத்தை எடுக்கவும் கொடுக்கவும் நிலையான ஒரு வழி வேண்டுமே? 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்க்ரிப்னர் என்ற டொக்டர் கையில் நிரந்தரமாக இருக்கும் குழாய் ஒன்றைப் பொருத்திய பிறகுதான், நாட்பட்ட நோயாளிகள் வருடக் கணக்கில் வாழ வழி பிறந்தது.

டயலிசிஸ் நடக்கும்போது நிமிடத்துக்கு 200 முதல் 400 மில்லிலீற்றர் இரத்தம் வெளியே வந்து உள்ளே போக வேண்டும். ஏறத்தாழ 4 மணி நேரம் இது நடக்க வேண்டும். சேலைன் ஏற்றும் சாதாரண கை நரம்பு இதற்குத் தாங்காது. எனவே அவசரத்தில் கழுத்திலுள்ள பெரிய நரம்புக்குள் குழாயைச் செலுத்துகிறார்கள். இதற்குக் கதீட்டர் என்று பெயர். வெளியே சிவப்பு, நீலம் என இரண்டு மூடிகள் தெரியும். ஒன்று இரத்தம் வெளியே வரும் வழி, மற்றது திரும்பிப் போகும் வழி. குழாயின் உள் நுனி எங்கே இருக்கிறது தெரியுமா? இதயத்தின் வாசலில்!

இதைப் புரிந்துகொண்டால் மற்றவையெல்லாம் தாமாகவே புரியும். நம் உடலுக்குத் தோல்தான் மதில். அந்த மதிலில் ஒரு துளை போட்டு, அங்கிருந்து நேரே இதயம் வரை ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றவே அந்தப் பாதை. ஆனால் காவல் இல்லாவிட்டால் அதே பாதையால் கிருமியும் போகும்.

கழுத்துக் குழாயில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தோலிலிருந்து நேரே நரம்புக்குள் போகும் தற்காலிகக் குழாய். இதை இயன்றவரை இரண்டு வாரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டல். மற்றது, தோலுக்கடியில் சிறிது தூரம் சுரங்கம் போல ஓடி, நெஞ்சின் மேற்பகுதியில் வெளியே வரும் நீண்டகாலக் குழாய். அதைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற வளையத்தோடு நம் சதை ஒட்டி வளர்ந்து, கிருமி நுழையும் வழியை ஓரளவு அடைத்துவிடும். தொடையில் வைக்கும் குழாயும் உண்டு. அது படுக்கையில் இருக்கும் சில நாட்களுக்கு மட்டும்.

கிருமி எப்படி நுழைகிறது?

இரண்டு வழிகள். குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில், அதன் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்குவது ஒன்று. மூடியைத் திறந்து மெஷினோடு இணைக்கும்போது, கையிலோ மூச்சிலோ உள்ள கிருமி குழாயின் உட்புறத்துக்குள் போவது மற்றது. இவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த அதிசயக் கிருமிகள் அல்ல. நமது தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் இனமே முதன்மையானது. தோலின் மேல் அது சும்மா இருக்கும். இரத்தத்துக்குள் போனால் எதிரியாகிவிடும்.

வவுனிக்குளத்தில் நீருக்குள் கிடக்கும் கல்லைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வழுவழுவென்று பாசி படிந்திருக்கும். எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அது போகாது. குழாயின் சுவரிலும் கிருமிகள் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசிப் படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அதற்குள் மருந்து எளிதில் ஊடுருவாது. அதனால்தான் பல வேளைகளில் மருந்து மட்டும் போதாமல் குழாயையே கழற்ற வேண்டியிருக்கிறது.

டயலிசிஸ் நடக்கும்போது நடுக்கம் வருவதன் இரகசியமும் இதுவே. மெஷின் இரத்தத்தை வேகமாகத் தள்ளும்போது படலத்திலிருந்து கிருமிகள் கழன்று ஒரே தடவையில் இரத்தத்தில் கலக்கின்றன. உடல் உதறி எழுகிறது. மெஷினை நிறுத்தியதும் நடுக்கம் அடங்குவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். மெஷினில் போட்டால் குளிரத்தான் செய்யும் என்ற சொல்லை இனி எவர் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இலேசான குளிர் உணர்வு வேறு, உடல் உதறும் நடுக்கம் வேறு. கழுத்தில் குழாய் உள்ளவருக்கு நடுக்கமோ காய்ச்சலோ வந்தால், வேறு காரணம் என்று டொக்டர் பரிசோதித்துச் சொல்லும் வரை அது குழாயில் வந்த கிருமி என்றே எண்ண வேண்டும்.

இந்த அடையாளங்களைக் கண்டால்...

- டயலிசிஸ் நேரத்திலோ வீட்டிலோ நடுக்கம், காய்ச்சல்
- குழாய் நுழையும் இடத்தில் சிவப்பு, வீக்கம், வலி, சீழ், துர்நாற்றம்
- திடீர்த் தளர்ச்சி, தலைசுற்றல், பிரஷர் இறங்குதல்
- பேச்சுத் தடுமாற்றம், ஆட்களை அடையாளம் தெரியாமை
- புதிதாக வந்து விடாமல் நிற்கும் முதுகு வலி அல்லது மூட்டு வலி

வயதானவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் காய்ச்சல் இல்லாமலேயே இது வரலாம். மூத்தம்மா இன்று ஏனோ சோர்ந்து கிடக்கிறா, சாப்பாடும் வேண்டாம் என்கிறா என்பதே ஒரே அடையாளமாக இருக்கவும் கூடும்.

கடைசியில் சொன்ன முதுகு வலியை அலட்சியம் செய்யாதீர்கள். இரத்தத்தில் கலந்த கிருமி இதய வால்விலும் முதுகெலும்பிலும் மூட்டிலும் போய்த் தங்கிவிடலாம். குழாயைக் கழற்றிச் சில வாரங்கள் சென்ற பிறகும் அது தலைகாட்டக் கூடும்.

என்ன செய்ய வேண்டும்? அடுத்த டயலிசிஸ் நாள் வரை காத்திருக்கக் கூடாது. பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று ஓர் இரவையும் கழிக்கக் கூடாது. பனடோல் காய்ச்சலை மறைக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோட்டிக் மாத்திரையையும் கொடுக்காதீர்கள். மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்து அதில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்ப்பார்கள். நாம் அரைகுறையாக மருந்து கொடுத்துவிட்டால் அந்தப் பரிசோதனை பொய்த்துப்போகும்.

மல்லாவியில் இருப்பவர் முதலில் மல்லாவி ஆதார வைத்தியசாலைக்கே போகட்டும். போனதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை காய்ச்சல் அல்ல. இவருக்கு டயலிசிஸ் கதீட்டர் இருக்கிறது, நடுங்குகிறார் என்பதே முதல் வார்த்தை. டயலிசிஸ் செய்யும் பிரிவின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். நோயாளியை எழுப்பி நடத்த முடியாத நிலையென்றால் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண் இருக்கிறது. 1990 என்ற வருடத்தை மறக்க முடியாத நமக்கு இந்த எண்ணை மனதில் வைத்திருப்பது சிரமமான காரியம் அல்ல.

வுழூவும் குளிப்பும்

சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. பயணத்தில் இருந்த ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள் அவர்கள். அவர் குளித்தார், மரணித்துவிட்டார். இதைக் கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள், அந்தத் தோழர்களே அவருடைய மரணத்துக்குக் காரணம் என்று சொல்லிக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாத விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா என்பதே அவர்களின் கண்டிப்பின் சாரம்.

சகோதரிகளே! காயத்தில் தண்ணீர் படும் விஷயத்தில் மார்க்கம் எவ்வளவு இரக்கம் காட்டுகிறது பாருங்கள். நாம் அதைவிடக் கடுமையாக நடந்துகொள்வது பக்தி ஆகாது.

வுழூவைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். கழுவ வேண்டிய கடமையான உறுப்புகளில் கழுத்து இல்லை. முகத்தைக் கழுவும்போது தண்ணீரை அள்ளி வீசாமல், கையில் சிறிது எடுத்துப் பூசிக் கழுவட்டும். தண்ணீர் தாடை வழியாக வழிந்து கட்டுக்குள் இறங்காதபடி ஒரு சுத்தமான சிறு துவாயைக் கழுத்தடியில் பிடித்துக்கொள்ளுங்கள். தலைக்கு மஸ்ஹு செய்ய ஈரக் கை போதும்.

குளிப்புக் கடமையானால், கட்டு இருக்கும் இடத்தை நனைக்காமல் மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவுவதற்கும் தயம்மும் செய்வதற்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. கட்டின் மேல் ஈரக் கை படுவதும் கூடாது என்று டொக்டர் சொன்னால் அதையும் ஆலிமிடம் சொல்லுங்கள். இடுப்புக்குக் கீழ் கழுவி மேல் பகுதியைப் பிழிந்த ஈரத் துணியால் துடைப்பதுதான் டொக்டர்கள் பொதுவாகச் சொல்லும் முறை. எதைக் கழுவி எதற்குத் தயம்மும் செய்வது என்ற ஒழுங்கை உங்கள் ஊர் ஆலிமிடம் ஒரு தடவை விபரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜும்ஆக் குளிப்பு சிறந்த சுன்னத். ஆனால் உயிரைப் பணயம் வைக்கும் கட்டாயம் அதில் இல்லை.

குளத்தில் இறங்குவது, கிணற்றடியில் வாளியால் தலையோடு ஊற்றுவது, பைப்புக்குக் கீழ் உட்காருவது மூன்றும் குழாய் இருக்கும் வரை அறவே கூடாது. தவறிக் கட்டு நனைந்துவிட்டால்? பதறாதீர்கள். ஆனால் அதன் மேலேயே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தும் விடாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுத்தமான முறையில் கட்டை மாற்றிக்கொள்ளுங்கள். கட்டு வியர்வையில் நனைந்தாலும், கழன்று ஓரம் தூக்கினாலும், செம்மண் தூசி படிந்தாலும் அப்படியே. வன்னியின் வெயிலில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்காராமல், மெல்லிய சுத்தமான பருத்தித் துணியால் கழுத்தை மூடிக்கொண்டு போவது நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கழுத்தில் தாயத்துக் கயிறு, கறுப்பு நூல், தங்கச் சங்கிலி எதுவும் வேண்டாம். அழுக்கும் வியர்வையும் அதில்தான் தங்கும். ஓதிய தண்ணீரைக் கட்டின் மேல் தெளிப்பதும், ஓதிய எண்ணெயைக் குழாயடியில் தடவுவதும் நன்மையை நாடிச் செய்யும் தீமை. குடிப்பதற்கு ஓதிய தண்ணீரையும் டொக்டர் அனுமதித்த நீரின் அளவுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள், சாம்பல், வேப்பெண்ணெய் எதுவும் அங்கே கூடாது.

பெருநாளில் கழுத்தோடு கழுத்து சேர்த்து முஆனகா செய்வது நம் வழக்கம். குழாய் உள்ளவரிடம் கையோடு ஸலாமை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் தோளில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளி பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஹிஜாபுக்குக் குத்தும் பின் குழாயைத் துளைத்துவிடலாம். பின் இல்லாமல் அணியும் தைத்த முக்காடு நல்லது. அந்தத் துணியைத் தினமும் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். கழுத்தையும் நெஞ்சையும் ஆண்களுக்குக் காட்ட வெட்கப்பட்டு, சீழ் வைத்ததை மறைத்த பெண்களும் உண்டு. வெட்கம் ஈமானில் உள்ளதுதான். ஆனால் சிகிச்சைக்குத் தேவையான அளவு காட்ட அனுமதி இருக்கிறது. பெண் தாதி இருந்தால் அவரை அழைக்கும்படி கேட்கலாம். முன்னால் பொத்தான் வைத்த சட்டை அணிந்து போனால் தேவையான இடத்தை மட்டும் திறக்கலாம்.

குழாயின் மூடியை வீட்டில் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதன் அருகே கத்தரிக்கோலைக் கொண்டுபோகாதீர்கள். தற்செயலாகக் குழாய் வெளியே வந்துவிட்டால், நோயாளியைப் படுக்க வைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தை இறுக அழுத்திப் பிடித்தபடி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வெளியே வந்த குழாயைத் திரும்பத் தள்ளப் பார்க்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் வாய் திறந்து கேளுங்கள்

மெஷினோடு குழாயை இணைக்கும் சில நிமிடங்களும் கழற்றும் சில நிமிடங்களுமே மிக ஆபத்தான நேரம். அப்போது தாதியும் நோயாளியும் இருவருமே முகக்கவசம் அணிய வேண்டும். நோயாளி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பேச்சு, இருமல் கூடாது. தாதி கையைச் சுத்தம் செய்து கையுறை அணிந்து, குழாயின் வாயைக் கிருமிநாசினியால் தேய்த்துத் துடைத்த பிறகே இணைக்க வேண்டும். தோலைச் சுத்தம் செய்ய அல்கஹோல் கலந்த குளோர்ஹெக்சிடின் சிறந்தது. அல்கஹோல் என்றதும் தயங்க வேண்டாம். இது மருந்தாகத் தோலில் பூசப்பட்டு உடனே காய்ந்துவிடுவது.

இன்னொன்று. வேறு நோய்க்காக வேறு வார்டில் அனுமதிக்கப்பட்டால், சேலைன் ஏற்றவும் இரத்தம் எடுக்கவும் இந்தக் குழாயைப் பயன்படுத்த வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். உயிராபத்தான அவசரம் மட்டுமே விதிவிலக்கு. அடிக்கடி திறந்தால் கிருமி நுழையும். அத்தோடு குழாய் அடைபடாமலிருக்க அதற்குள் நிரப்பி வைத்திருக்கும் மருந்து உடலுக்குள் போனால் இரத்தம் உறைவதும் பாதிக்கப்படலாம்.

இதையெல்லாம் கேட்டால் கோபிப்பார்களோ என்று பயப்படாதீர்கள். ஒரு நாளில் பலரைக் கவனிக்கும் தாதிமாரின் வேலைச் சுமையை நாம் அறிவோம். மிஸ், மாஸ்க் ஒன்று தருகிறீர்களா என்று புன்னகையோடு கேட்டால் கோபிக்கிறவர் குறைவு.

கையில் ஒரு வாசல்

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது. கழுத்துக் குழாய் இல்லாமல் வழி இருக்கிறதா? இருக்கிறது. 1966இல் நியூயோர்க்கில் பிரெசியா, சிமினோ ஆகியோர் வெளியிட்ட முறை அது. கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் சிறு ஒப்பரேஷன் மூலம் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறார்கள். நாடியின் வேகமான இரத்தம் நாளத்தில் பாய்ந்து அதைத் தடிக்கச் செய்கிறது. பிறகு ஒவ்வொரு டயலிசிஸுக்கும் அதில் ஊசி போட்டாலே போதும். இதை ஃபிஸ்டுலா என்கிறார்கள். வேலை முடிந்ததும் ஊசியை எடுத்துவிடுவதால் உள்ளே அந்நியப் பொருள் எதுவும் தங்குவதில்லை. எனவே இரத்தத்தில் கிருமி பரவும் ஆபத்து கழுத்துக் குழாயைவிடப் பல மடங்கு குறைவு.

ஆனால் ஃபிஸ்டுலா ஒரே நாளில் தயாராகாது. ஒப்பரேஷன் முடிந்து அது முதிர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அதனால்தான் காலந்தாழ்த்தக் கூடாது. கழுத்தில் குழாய் வைத்த வாரமே, இவருக்குக் கையில் எப்போது செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் கேளுங்கள். கை வீங்கி அசிங்கமாகும் என்று சிலர், குறிப்பாகப் பெண்கள், மறுத்துவிடுகிறார்கள். நீளக் கைச் சட்டை மறைக்கும் ஒரு தழும்புக்காக இதயத்து வாசலைத் திறந்து வைக்கலாமா?

அதுவரை அந்தக் கையின் நரம்பைக் காப்பாற்றுங்கள். வலக்கைக்காரருக்குப் பொதுவாக இடக்கையில் செய்வார்கள். அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ சேலைன் போடவோ விடாதீர்கள். செய்த பின் அந்தக் கையில் பிரஷர் பார்ப்பதும், இறுக்கமான வளையல், மணிக்கூடு, பாரமான பை, அதன் மேல் தலை வைத்துத் தூங்குவது எல்லாமே கூடாது. ஒவ்வொரு நாளும் சுபஹு தொழுததும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். பூனையின் நெஞ்சில் கை வைத்தாற்போல ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையில் செய்ய முடியாதவர்களுக்கு வயிற்றில் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் டயலிசிஸ் முறையும் இருக்கிறது. அதற்கும் வேறு வகைச் சுத்தம் வேண்டும். உங்களுக்குப் பொருந்துமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

குழாய்க்கு முன்பே...

நம்மவர்களில் பலருக்குக் கழுத்துக் குழாய் வரக் காரணம், நோய் கடைசிக் கட்டத்தில் மட்டுமே தெரியவருவதுதான். முன்பே தெரிந்திருந்தால் ஃபிஸ்டுலாவை ஆயத்தமாக வைத்துவிட்டு டயலிசிஸை ஆரம்பிக்கலாம். கழுத்துக் குழாயே தேவைப்படாமல் போகும்.

நீரிழிவும் பிரஷரும் சிறுநீரகத்தின் பொது எதிரிகள். நமது உலர் வலயத்திலோ இவை இரண்டும் இல்லாதவர்களையும் தாக்கும் ஒரு சிறுநீரக நோய் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட இது, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பகுதிகளிலும் காணப்படுகிறது. தண்ணீரா, விவசாய இரசாயனமா, வெயிலில் உடல் வற்றுவதா, இவையெல்லாம் சேர்ந்தா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரே முடிவு இல்லை. அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இந்நோய் பெண்களில் 16.9 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 12.9 சதவீதத்தினருக்கும் இருந்தது. முற்றிய நிலை ஆண்களிடம் அதிகம். வயலில் வேலை செய்கிற ஆண்களின் நோய் இது என்று நாம் நினைத்திருந்தோம். அடுப்படியில் நிற்கும் நமக்கும் அது இருக்கலாம்!

ஆரம்பத்தில் எந்த வலியும் இருக்காது. எனவே வருடத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் புரதமும், இரத்தத்தில் கிரியேட்டினினும், பிரஷரும், சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு வலிக்கு வலிநிவாரணி மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்காதீர்கள்.

மல்லாவிச் சகோதரிக்கு

கடைசியாக உங்கள் முதல் கேள்வி. நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் காரணமா? நனைந்த கட்டு வழியாகக் கிருமி போயிருக்கலாம். மூடி திறந்த வேளையில் போயிருக்கவும் கூடும். அந்தக் குழாய் குறித்த காலத்துக்கு மேல் இருந்ததும் காரணமாகலாம். இதுதான் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கழுத்துக் கட்டு நனையக் கூடாது என்று உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. அது உங்கள் ஒருவரின் குறை அல்ல. கணவரை ஜும்ஆவுக்குச் சுத்தமாக அனுப்ப நினைத்த உங்கள் எண்ணத்தை அல்லாஹ் அறிவான். உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். வியாழக்கிழமை அவரைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவராமல் ஆஸ்பத்திரியிலேயே இருந்தீர்கள். அதுவும் உங்கள் கைகளால் நடந்ததுதான்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு டயலிசிஸ் நாளிலும் அவரது காய்ச்சல் அளவையும், கட்டின் நிலையையும், மெஷினில் இருக்கும்போது நடுக்கம் வந்ததா என்பதையும் எழுதுங்கள். முதல் பக்கத்தில் டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக இதை எழுதுங்கள்: கையில் எப்போது?

நோயால் வாடும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தையும், பராமரிக்கும் கைகளுக்கு நற்கூலியையும் தருவானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.